கால்மாடு உயரமாக

எங்கள் சபையின் மலருக்கு ஒரு கட்டுரை வேண்டுமென்று இளம் நர்ஸ்கள் இரண்டு பேர் வீட்டுக்கே வந்துவிட்டார்கள். தலைப்பையும் அவர்களே கொண்டுவந்திருந்தார்கள்: அன்றாட வாழ்வில் தேவராஜ்யம். "காலமெல்லாம் நர்ஸா இருந்திருக்கீங்க ஆன்ட்டி, உங்களுக்குத் தெரியாததா?" என்றார்கள். தெரியாது என்றேன். தேவராஜ்யத்தைப் பற்றிப் பேசப் படித்தவர்கள் இருக்கிறார்கள், அவர்களைக் கேளுங்கள். எனக்குத் தெரிந்தது பிரசவம் பார்க்க, கை கழுவ, அவசரத்துக்குக் கட்டில் தூக்க. இதை எழுதினால் யார் படிப்பார்கள்?

காபி குடித்துவிட்டுச் செருப்பு மாட்டும்போது அதில் சின்னவள் தன் ஆஸ்பத்திரியைப் பற்றிச் சொன்னாள். வசதியானவர்களுக்கு ஜன்னலோரப் படுக்கை, இல்லாதவர்களுக்கு வராந்தாவாம். "அதெல்லாம் நம்ம கையில இல்லயே ஆன்ட்டி" என்றாள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. கையில் இல்லையாமே! பிறகு வேறு யார் கையில் இருக்கிறதாம்? அந்தக் கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

படித்தது திருநெல்வேலிப் பக்கத்தில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில். அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. திட்டு வாங்கினேன், தேறினேன். உலகச் சண்டை நடந்துகொண்டிருந்த காலத்தில் கல்யாணமாகிப் பம்பாய்க்கு வந்து, தாராவியில் குடியேறி, மாட்டுங்காவில் ஒரு சின்னப் பிரசவ ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்தேன். ஒரே நீளக் கூடம், பத்துப் படுக்கை, ஒரு ஆபரேஷன் அறை. டாக்டரம்மா மாடியிலேயே குடியிருந்தார். மாட்டுங்கா ஆபீஸ் குடும்பத்துப் பெண்களும் வருவார்கள், தாராவித் தோல் கிடங்குகளில் வேலை பார்க்கிறவர்களின் பெண்டாட்டிகளும் வருவார்கள். அத்தனை பேரையும் கட்டி ஆண்டவர் மேட்ரன் ரூத்.

மேட்ரன் பாளையங்கோட்டைக்காரர். ஆனால் பம்பாயிலேயே பாதி ஆயுசு கழிந்ததால் பேச்சில் இந்தி கலந்திருக்கும். குரல் உயரவே உயராது. காலையில் நாங்கள் வரிசையாக நின்று கையை நீட்ட வேண்டும். நகத்தைப் பார்ப்பார், பிறகு குனிந்து உள்ளங்கையை முகர்ந்து பார்ப்பார். வெங்காய வாசனை வந்தால் போச்சு, அன்றைக்குப் பிரசவ அறைப் பக்கமே போக முடியாது. சிவப்பு சோப்பு, நகத்துக்குப் பிரஷ், முழங்கை வரைக்கும் தேய்த்து, விரல் நுனி மேலே இருக்கும்படி கையைத் தூக்கிப் பிடித்துத் தண்ணீர் ஊற்ற வேண்டும். அழுக்குத் தண்ணீர் முழங்கை வழியாகத்தான் வடிய வேண்டும், விரல் பக்கம் திரும்பி வரக் கூடாது. கழுவிய பிறகு காய்ச்சிய சாமானைத் தவிர எதையும் தொடக் கூடாது.

நான் முதல் நாளே தொட்டேன். எங்கள் ஊர்ப் பெண்களுக்கு ஜெபம் என்றால் கை தானாக முந்தானையை எடுத்துத் தலையில் போட்டுக்கொள்ளும். முதல் பிரசவம், பயம் வேறு. சோப்புப் போட்டு அழகாகக் கழுவிவிட்டு, முந்தானையை இழுத்து முக்காடு போட்டு, கண்ணை மூடி உருகி ஜெபித்தேன். கண்ணைத் திறந்தால் எதிரே மேட்ரன்.

"ஜெபம் முடிஞ்சுதா?"

"முடிஞ்சுதும்மா."

"ஆமென் சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன்மா."

"ச்சலோ, போய் மறுபடியும் கை கழுவு. அந்த முந்தானையோடதான் நீ காலையில பஸ்ஸுல இடிபட்டு வந்தே. முதல்ல ஜெபம், அப்புறம் சோப்பு. வரிசை மாறக் கூடாது."

படுக்கைக்கும் அவரிடம் இதே சட்டம்தான். வந்த வரிசையில் படுக்கை. எது காலியோ அது. மாட்டுங்கா மாமி ஒருவர், தன் மகளுக்குப் பக்கத்தில் தோல் கிடங்குக்காரி படுத்திருக்கிறாள், வேறு இடம் வேண்டும் என்று குதித்தார். மேட்ரன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "என்கிட்ட இருக்கறது பத்து. பதினோராவது வேணும்னா ஆண்டவர்கிட்டத்தான் கேக்கணும்" என்று சொல்லிவிட்டுத் துணி மடிக்கப் போய்விட்டார்.

மாமியைச் சொல்லிச் சிரிக்க எனக்கு யோக்கியதை உண்டா? எங்கள் சபை மட்டும் என்ன வாழ்ந்தது? தாராவியில் ஒரு தகரக் கொட்டகைதான் கோயில். அதில் ஊரிலிருந்த தெருக் கணக்கை மூட்டை கட்டிக் கொண்டுவந்து அப்படியே அவிழ்த்து வைத்திருந்தோம். இந்தத் தெருக்காரர்கள் இந்தப் பக்கம், அந்தத் தெருக்காரர்கள் பின்னால். தோல் கிடங்குச் சந்தில் இருந்தவர்கள் கோயில் பக்கமே வரமாட்டார்கள். வரச் சொல்லி யாரும் கூப்பிட்டதும் இல்லை.

சபைக்கு மூப்பர் வேதமுத்து அண்ணாச்சி. பலசரக்குக் கடை வைத்திருந்தார். நல்ல உயரம், கோயில் வாசலில் குனிந்துதான் நுழைவார். கெட்டவர் என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். நாங்கள் வந்து இறங்கியபோது எங்களுக்குக் குடியிருக்க அறை பிடித்துக் கொடுத்தது அவர்தான். நாற்பத்தெட்டு மழைக்காலத்தில் அவருடைய மருமகள் எஸ்தருக்கு எங்கள் ஆஸ்பத்திரியில்தான் ஆண் குழந்தை பிறந்தது. அடுத்த படுக்கையில் தோல் கிடங்குச் சந்துப் பெண் ஒருத்தி. அண்ணாச்சி என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"ஏ பிள்ள பாக்கியம், எஸ்தர் படுக்கைய அந்தப் பக்கம் மாத்தச் சொல்லு."

"மேட்ரன்கிட்ட கேளுங்க அண்ணாச்சி. நான் சொன்னா நடக்காது."

கேட்டார். "ஏன் மாத்தணும், மூப்பரே?" என்றார் மேட்ரன். அண்ணாச்சி தொண்டையைச் செருமினார். "அதுக்கில்லம்மா..." என்றார். "வாய்விட்டுச் சொல்ல முடியாத விஷயத்த எதுக்குய்யா கேக்கறீங்க?" என்றார் மேட்ரன். அண்ணாச்சி முகம் சிவந்து போனது. என்னைப் பார்த்த பார்வையில், அறை பிடித்துக் கொடுத்தேனே, எனக்காக ஒரு வார்த்தை பேசினாயா என்று இருந்தது.

சனிக்கிழமை அந்தச் சந்துப் பெண் தன் குழந்தையோடு வீட்டுக்குப் போனாள். படுக்கை காலியானதுதான் தாமதம், அண்ணாச்சி தோளிலிருந்த துண்டை எடுத்து அதன் மேல் விரித்துவிட்டார். லோக்கல் ரயிலில் இடம் பிடிக்கிற மாதிரி! "எங்க சொந்தக்காரப் பொண்ணு ஒருத்தி வருவா" என்றார். மேட்ரன் துண்டை நாலாக மடித்து அவர் கையிலேயே கொடுத்துவிட்டார். அண்ணாச்சி அதற்குமேல் அங்கே நிற்கவில்லை.

மறுநாள் ஞாயிறு. எனக்கு லீவு. விடிந்ததிலிருந்து பேய் மழை, தாராவிச் சந்துகளில் முழங்கால் தண்ணீர். பஸ் இல்லை, டாக்ஸி இல்லை. கோயிலுக்குப் போக வேதப் புத்தகத்தைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தேன். வாசலில் ஒருவன் மூச்சு வாங்க நின்றான். சுடலை, தோல் கிடங்கில் வேலை செய்கிறவன். "தாயி, என் பெஞ்சாதி செத்துருவா போலிருக்கு" என்றான்.

போய்ப் பார்த்தேன். அவன் மனைவி இசக்கி கயிற்றுக் கட்டிலில் கிடந்தாள். பிள்ளை குறுக்கே கிடக்கிறது. தலை வரவேண்டிய இடத்தில் ஒரு கை வெளியே வந்திருக்கிறது, முழங்கை வரைக்கும், நீலம் பாரித்து. வந்திருந்த மருத்துவச்சி அதைப் பிடித்து இழுத்துப் பார்த்திருக்கிறாள். அவளைக் குறை சொல்லி என்ன, கண்ணில் தெரிந்ததை இழுத்தாள். நர்ஸ் பிள்ளைகளே, உங்களுக்குத் தெரியும், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: கை வந்துவிட்டால் இழுக்கவும் கூடாது, உள்ளே தள்ளவும் கூடாது. தாய் முக்கக் கூடாது. முக்கினால் கர்ப்பப்பை கிழிந்துவிடும், இரண்டு உயிரும் போய்விடும். வயிற்றைக் கிழித்து எடுப்பது ஒன்றுதான் வழி.

முதலில் ஜெபம், அப்புறம் சோப்பு. வயிற்றில் காதை வைத்துக் கேட்டேன். மழை தகரத்தில் அடிக்கிற சத்தத்துக்குள்ளே, மெலிசாகத் துடிப்பு இருந்தது. காய்ச்சிய துணியில் அந்தக் கையைச் சுற்றினேன். கட்டிலின் கால்மாட்டுக்குச் செங்கல் வைத்து உயர்த்தினேன். இடுப்பு மேலே, தலை கீழே இருந்தால் பிள்ளையின் பாரம் பின்னால் சரியும், முக்குகிற உந்துதல் கொஞ்சம் அடங்கும். "இசக்கி, முக்காத. வாயைத் திறந்து நாய் மாதிரி மூச்சு விடு" என்றேன். கெட்டிக்காரி, விட்டாள்.

மாட்டுங்காவுக்குக் கொண்டுபோக வேண்டும். வண்டி கிடையாது, கட்டிலோடுதான் தூக்க வேண்டும். சந்தில் ஆண்கள் யாருமில்லை. மழைத் தண்ணீர் தோல் ஊறப்போடும் குழிகளில் ஏறிவிடும் என்று எல்லோரும் கிடங்குகளில் தோலை மேலே ஏற்றப் போயிருந்தார்கள். போய்க் கூப்பிட்டு வர நேரமில்லை. பக்கத்தில் ஆண்பிள்ளைகள் இருந்த ஒரே இடம் எங்கள் கோயில்தான். இசக்கியின் இடுப்பை உயர்த்தியே வைத்திருக்க மருத்துவச்சியிடம் சொல்லிவிட்டு, சுடலையை இழுத்துக்கொண்டு ஓடினேன்.

உள்ளே எல்லோரும் கண்ணை மூடி நின்றார்கள். ராஜ்யம் வரட்டும் என்று பிதாவிடம் கேட்கிற ஜெபம், ஒரே குரலில். எங்கள் சபையில் ஒரு வழக்கம், கடைசி ஆசீர்வாதம் கூறி முடிக்கிறவரை யாரும் எழுந்து வெளியே போகக் கூடாது. குழந்தை அழுதால்கூட வாயைப் பொத்துவார்கள். நான் சொட்டச் சொட்ட நனைந்து, புடவையில் ரத்தத்தோடு, வாசலில் நின்று கத்தினேன். "மூணு பேர் வேணும்! கட்டில் தூக்கணும்!"

ஜெபம் நின்றது. பின்னாலிருந்து யாரோ, "யார் வீட்டுக்கு?" என்றார்கள். அந்தக் கேள்வியை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது.

"தோல் கிடங்குச் சந்து. இந்தா நிக்கிற சுடலையோட பெஞ்சாதி."

எல்லோருக்கும் திடீரென்று தரையில் ஏதோ தொலைந்துவிட்டது. அண்ணாச்சிதான் பேசினார். "ஆராதனை முடியட்டும் பாக்கியம். ஆசீர்வாதம் ஆனதும் ஆள அனுப்புதோம்."

"ஆசீர்வாதம் வரைக்கும் அவ தாங்க மாட்டா அண்ணாச்சி!" என் வாய் நிற்கவில்லை. "இப்ப ஆண்டவர்கிட்ட என்ன கேட்டீங்க? ராஜ்யம் வரணும்னுதானே? வந்து வாசல்ல நிக்கி, மழையில நனைஞ்சுகிட்டு. உள்ள கூப்பிடுதீங்களா, போகச் சொல்லுதீங்களா?"

உபதேசியார் புத்தகத்தை மூடினார். ஆராதனை நடத்திக்கொண்டிருந்த அவர் குள்ளமான, சாதுவான மனிதர், அதுவரை மூப்பரை எதிர்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டே, "ஆசீர்வாதத்த வந்து சொல்லிக்கிடலாம்" என்றார். அவர் பின்னாலேயே மில்லில் வேலை பார்க்கிற சாமுவேல் வந்தான். அவனும் குள்ளம். எனக்குக் கால்மாட்டுக்கு உயரமானவர்கள் வேண்டும். கால்மாடு தோளில், தலைமாடு கையில், அப்படித் தூக்கினால்தான் இடுப்பு மேலே நிற்கும். சுடலை நெடியவன். அவனுக்குச் சரியாக இன்னொருவர் வேண்டும். நான் வாய் திறக்கும் முன்னே சபை முழுக்க அண்ணாச்சியைத் திரும்பிப் பார்த்தது.

"எனக்கு வயசாயிட்டுது பிள்ள."

"நேத்துக்கூட அரிசி மூட்ட இறக்கினீங்க, நான் பாத்தேன்."

அண்ணாச்சி வாசலுக்கு வந்தார். அவர் வரவும் சுடலை தகரக் கூரை இறவாணத்தின் அடியிலிருந்து விலகி மழைக்குள் இறங்கி நின்றான். யாரும் சொல்லவில்லை, உடம்பே பழகியிருந்தது. கையைக் கட்டிக்கொண்டு என்னிடம் சொன்னான்: "வேண்டாம் தாயி. அய்யாவத் தொந்தரவு பண்ணாதீங்க. நான் ஒருத்தனாவே தோள்ல போட்டுத் தூக்கிட்டுப் போயிருதேன்."

அண்ணாச்சி அவனையே பார்த்தார். எனக்கு ஒவ்வொரு நொடியும் இசக்கியின் மூச்சுதான் நினைவில். கடைசியில் அவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "ஒருத்தனாவா? கோட்டிக்காரப் பயல! பிள்ளத்தாச்சியத் தோள்ல போட்டு எப்படில தூக்குவ? நடல!" என்று கத்திக்கொண்டே துண்டை மடித்துத் தோளில் வைத்தார். முந்தின நாள் படுக்கையில் விரித்த அதே துண்டு.

சந்துக்கு ஓடிக் கட்டிலைத் தூக்கினோம். கால்மாட்டில் ஒரு பக்கம் அண்ணாச்சி, மறுபக்கம் சுடலை. தலைமாட்டில் உபதேசியாரும் சாமுவேலும் இடுப்பளவில் பிடித்தார்கள். நான் பக்கவாட்டில், துணி சுற்றிய அந்தக் குட்டிக் கை எதிலும் இடிக்காமல் பார்த்துக்கொண்டு. தூரத்திலிருந்து பார்த்தவர்கள் சாவு என்று நினைத்து ஒதுங்கி வழிவிட்டார்கள். இசக்கியின் கால் அண்ணாச்சியின் காதோரம். பனிக்குடத் தண்ணீரும் ரத்தமும் கயிற்று வழியாகக் கசிந்து அவருடைய வெள்ளை ஜிப்பாவில் இறங்கின. மழை கழுவக் கழுவ மறுபடியும் இறங்கின. அவர் முகத்தைத் திருப்பவில்லை.

தண்டவாளத்தைத் தாண்ட ரயில் பாலம் ஏற வேண்டும். படியில் ஏறும்போது கால்மாடு முன்னால் போக வேண்டும், இறங்கும்போது தலைமாடு முன்னால். இல்லாவிட்டால் இடுப்பு தாழ்ந்துவிடும். ஆகவே பாலத்தின் உச்சியில் கட்டிலைத் திருப்பினோம். திருப்பும்போதுதான் வலி வந்தது. "நில்லுங்க! யாரும் அசையாதீங்க!" என்றேன். கொட்டுகிற மழையில் நான்கு பேரும் சிலையாக நின்றார்கள். இசக்கி கண் சொருகி முக்கப் போனாள். "மூச்சு விடு தாயி, வாயத் திறந்து விடு, விடு..." யார் என்று பார்த்தால் அண்ணாச்சி. அவரும் வாயைத் திறந்து மூச்சு விட்டுக் காட்டிக்கொண்டிருந்தார். வலி கடந்தது. இறங்கினோம்.

ஆஸ்பத்திரி வாசலில் மேட்ரன் ஒரே பார்வையில் எல்லாவற்றையும் புரிந்துகொண்டு டாக்டரம்மாவைக் கூப்பிட மாடிக்கு ஆளனுப்பினார். என்னைப் பார்த்து, "ஜெபம்?" என்றார்.

"பாலத்துலயே முடிச்சிட்டேன்மா."

"ச்சலோ. சோப்பு."

கழுவினேன். சேறும் ரத்தமும் முழங்கை வழியாக வடிந்தன. டாக்டரம்மா வேகமாக வேலை செய்தார். ஆண் பிள்ளை. முதலில் அழவில்லை. மேட்ரன் அதன் வாயைத் துடைத்து, முதுகைத் தேய்த்து, உள்ளங்காலில் சுண்டிவிட்டார். பூனை மாதிரி ஒரு சத்தம். பிறகு ஆஸ்பத்திரியே அதிர அழுதது. இழுபட்ட கை ரொம்ப நாள் துவண்டு கிடந்து, மெல்ல மெல்லத் தேறியது. இசக்கி பிழைத்தாள்.

அதற்கப்புறம் எங்கள் சபை தலைகீழாக மாறிவிட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான். மாறவில்லை. அடுத்த ஞாயிறும் அவரவர் பக்கம் அவரவர் உட்கார்ந்தார்கள். நான் மட்டும் வேண்டுமென்றே பின்னால் போய் உட்கார்ந்தேன், முணுமுணுத்தார்கள். உட்கார்ந்துகொண்டே இருந்தேன். வருஷக்கணக்கில் முணுமுணுத்து அவர்களுக்கே அலுத்துப்போனது. ராஜ்யம் ஒரேயடியாக வந்து இறங்கி நான் பார்த்ததில்லை. தூக்கிக்கொண்டு போகிற தூரம் வரைக்கும் வரும். அதனால் தூக்கிக்கொண்டே இருக்க வேண்டும், அவ்வளவுதான். உங்கள் ஆஸ்பத்திரி வராந்தாவுக்கும் அதையேதான் சொல்வேன். கையில் இல்லை என்கிற பேச்சை என்னிடம் கொண்டுவராதீர்கள்.

அன்றைக்கு நடந்ததில் இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்கிறது. மழையால் வார்டு ஆட்கள் யாரும் வேலைக்கு வரவில்லை. மயக்கத்தில் கிடந்த இசக்கியைக் கூடத்துக்குக் கொண்டுபோக வேண்டும். வராந்தாவில் ஈரத்தோடு உட்கார்ந்திருந்த அந்த நாலு பேரையே மேட்ரன் கூப்பிட்டார். கால் கழுவ வைத்து, ஜிப்பா சட்டைகளைக் கழற்ற வைத்து, ஆளுக்கொரு ஆஸ்பத்திரித் துணியைப் போர்த்தி, சோப்பைக் கையில் கொடுத்தார். நாலு பேரும் முழங்கை வரைக்கும் கழுவினார்கள். மேட்ரன் ஒவ்வொருவர் கையாக முகர்ந்து பார்த்தார். அண்ணாச்சி கையையும், சுடலை கையையும்.

"எந்தப் படுக்கைம்மா?" என்று சுடலை தயங்கித் தயங்கிக் கேட்டான்.

காலியாக இருந்தது ஒன்றுதான். எஸ்தருக்குப் பக்கத்துப் படுக்கை. மேட்ரன் வாய் திறக்கும் முன் அண்ணாச்சி சொன்னார்: "எது காலியோ அது. இங்க வந்த வரிசதானல."

மேட்ரன் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "இப்ப உயர்த்த வேண்டாம், மூப்பரே. தையல் போட்ட வயிறு. தலைமாடும் கால்மாடும் ஒரே மட்டமா வரணும்."

தலைமாட்டில் குள்ளமான இரண்டு பேர். அவர்கள் எம்பிப் பிடிக்க முடியாது. அண்ணாச்சியும் சுடலையும் முழங்காலை மடக்கிக்கொண்டார்கள். கூடம் நெடுக, மாட்டுங்கா மாமிகள் பார்த்துக்கொண்டிருக்க, அந்த நெட்டை மனிதர் பாதி உட்கார்ந்தபடியே நடந்துவந்தார். நரைத்த தலை வியர்த்துக் கொட்டியது. எஸ்தர் பதறி எழுந்து உட்கார்ந்தாள்.

"மாமா! என்ன மாமா, உங்க தலையெல்லாம் ஈரம், கழுத்துல ரத்தம்!"

"எனக்கு ஒண்ணுமில்ல" என்றார், இசக்கியைப் படுக்கையில் இறக்கிவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டே. "உன் பக்கத்துக்கு ஆள் வந்திருக்கு. தண்ணி கேட்டா, உன் செம்புல இருந்து குடு."

"தண்ணி இப்பக் கூடாது அண்ணாச்சி!" என்று பாய்ந்தேன் நான். "மயக்கம் தெளியல. உதட்ட மட்டும் நனைக்கலாம்."

"அப்ப உதட்ட நன" என்றார் எஸ்தரிடம்.

எஸ்தர் மாமனாரைப் பார்த்தாள், இசக்கியைப் பார்த்தாள். தன் செம்பை எடுக்கக் கையை நீட்டினாள்.

"கை!" என்றார் மேட்ரன்.

எஸ்தர் மெல்ல எழுந்து போனாள், முழங்கை வரைக்கும் கழுவிக்கொண்டு வந்தாள். நான் கொடுத்த பஞ்சைத் தன் செம்புத் தண்ணீரில் நனைத்து, இசக்கியின் உதட்டில் வைத்தாள்.